பட்டறை முடிந்த பிறகு: ஆசிரியர் கற்றல் பற்றிய சில ஆய்வுகள்

கனடாவில் சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையொன்றில் 12 ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறேன். ஆண்டுதோறும் எங்களுக்கு ஒருநாள் பயிற்சிப் பட்டறை நடக்கும். நல்ல உரைகள், மதிய உணவு, சான்றிதழ். அடுத்த சனிக்கிழமை வகுப்பில் பழையபடியேதான் பாடம் நடத்துவேன். குறை என்னிடமா, பட்டறையிடமா? இந்தக் கேள்வியோடு தேடிப் படித்தவற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

அமெரிக்க ஆய்வாளர்களான புரூஸ் ஜாய்ஸும் பெவர்லி ஷவர்ஸும் 1980இலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். விளக்கவுரை மட்டும் போதாது. செய்து காட்டல், பயிற்சி, பின்னூட்டம் ஆகியவற்றோடு வகுப்பறைக்குள்ளும் தொடரும் துணை வேண்டும் என்பது அவர்கள் கருத்து.

2007இல் அமெரிக்கக் கல்வித் துறைக்காக 1,300க்கும் மேற்பட்ட ஆய்வுகள் பரிசீலிக்கப்பட்டன. கடுமையான அளவுகோல்களில் தேறியவை ஒன்பது மட்டுமே! அவற்றில் ஆசிரியர்கள் சராசரியாக 49 மணி நேரப் பயிற்சி பெற்றிருந்தனர். 14 மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ நடந்த பயிற்சிகள் மாணவர் அடைவில் குறிப்பிடத்தக்க மாற்றத்தைக் காட்டவில்லை.

அப்படியானால் நேரத்தைக் கூட்டினால் போதுமா? போதாது. ஏழாம் வகுப்புக் கணித ஆசிரியர்களுக்கு இரண்டு ஆண்டுகள் அளிக்கப்பட்ட விரிவான பயிற்சியை ஆராய்ந்த அறிக்கை 2011இல் வெளியானது. மாணவர் அடைவில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் எதுவும் அதில் தென்படவில்லை. மாறாக, ஆசிரியரின் வகுப்புக்கே வந்து வழிகாட்டும் முறையைப் பற்றிய 60 ஆய்வுகளை 2018இல் மத்தியூ கிராஃப்ட் குழுவினர் தொகுத்தபோது, கற்பித்தலும் மாணவர் அடைவும் மேம்பட்டது தெரிந்தது. ஆனால் திட்டம் பெரிதாக விரியும்போது பலன் குறைகிறது என்றும் அவர்கள் எச்சரிக்கிறார்கள்.

ஜப்பானியருக்கு இது புதிதல்ல. ‘ஜுகியோ கென்கியூ’, அதாவது பாட ஆய்வு, அங்கே நெடுங்கால வழக்கம். சில ஆசிரியர்கள் கூடி ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். ஒருவர் கற்பிக்க, மற்றவர்கள் அவரையல்ல, பிள்ளைகளையே கவனிப்பார்கள். பிறகு கலந்து பேசிப் பாடத்தைத் திருத்துவார்கள். 1999இல் ஸ்டிக்லரும் ஹீபர்ட்டும் எழுதிய நூல் வழியாக அமெரிக்காவில் இது பரவலாக அறியப்பட்டது.

சென்ற ஆண்டு நாங்கள் இருவர் இதைச் செய்து பார்த்தோம். நான் ல, ள, ழ சொல்லிக் கொடுக்க, வகுப்பு முழுவதும் ஒரே குரலில் திருப்பிச் சொன்னது. எனக்கோ பெருமை. சக ஆசிரியை பிறகு மெதுவாகச் சொன்னார்: “அக்கா, பின்வரிசையிலை மூண்டு பிள்ளையள் வாயை மட்டும்தான் அசைக்கினம்.”

கூட்டுக்குரலில் அந்த மூவரின் மௌனம் 12 ஆண்டுகளாக எனக்குக் கேட்கவேயில்லை. அதற்கு முன் எத்தனை மூவரோ! இப்போது இருவர் இருவராக வாசிக்கச் சொல்கிறேன். ஒரு வகுப்பின் அனுபவம் ஆய்வாகிவிடாதுதான். ஆனாலும் எந்தச் சான்றிதழும் தராததை, பின்வரிசையில் அமர்ந்த ஒரு தோழி எனக்குத் தந்தார்.