சூதகவலிக்கான கைவைத்தியத்தின் வரலாறு

சூதகவலி என்பது மாதவிடாய் நாட்களில் அடிவயிற்றிலும் இடுப்பிலும் தொடைகளிலும் உண்டாகும் வலியாகும். பூப்படைந்த ஓரிரு ஆண்டுகளுக்குள் பல பெண்களுக்கு இது தொடங்குகிறது. சம்பந்தர் பாடிய வடுகூர்த் தலமான திருவாண்டார்கோயில் முதல் தெற்கே பாகூர் வரை, புதுச்சேரியின் ஊர்ப்புறங்களிலும் அவற்றை ஒட்டிய தமிழக ஊர்களிலும் இவ்வலிக்குக் கைவைத்தியமே நெடுங்காலம் முதல் மருந்தாக இருந்து வந்துள்ளது.

பெண்கள் வழி வந்த அறிவு

சித்த மருத்துவ நூல்கள் பெரும்பாலும் ஆசான் மாணவனுக்குச் சொல்லும் செய்யுள்களாக அமைந்தவை. 19ஆம் நூற்றாண்டில் இச்சுவடிகள் பல அச்சேறத் தொடங்கின. ஆனால் வீட்டில் மருந்து கொடுத்தவர்கள் பாட்டியும் அத்தையும் ஊர் மருத்துவச்சியும்தான். அவர்கள் அறிந்தது ஏட்டில் ஏறாமல் அஞ்சறைப்பெட்டியிலேயே தங்கியது. மாதவிடாய் 'தூரம்', 'வீட்டுவிலக்கு' என மறைபெயர்களால் குறிக்கப்பட்டதும் இதற்கு ஒரு காரணமாகும். வெளிப்படையாகப் பேசக்கூடாத ஒன்றுக்கான மருந்தும் பேசப்படாமலே கைமாறியது.

பூப்பெய்திய பெண்ணுக்கு உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கருப்பட்டியும் கொடுப்பது இன்றும் உள்ள வழக்கமாகும். நெல் அறுவடைக்குப் பின் தரிசில் உளுந்து விதைக்கும் ஊர்களில் இது எளிதில் கிடைத்த ஊட்ட உணவு. வலி வந்தபோது சுக்குக் கசாயம், ஓம நீர், சோம்பு நீர், வெந்தயம், மோரில் கரைத்த பெருங்காயம் ஆகியவை கொடுக்கப்பட்டன. தவிட்டை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பதும், ஆமணக்கு இலையை வாட்டி அடிவயிற்றில் கட்டுவதும் வழக்கம்.

சித்த மருத்துவத்தின் விளக்கம்

வளி, அழல், ஐயம் என்னும் மூன்றனுள் வளி மிகுவதே வலிக்குக் காரணம் என்பது சித்த மருத்துவக் கருத்து. மாதவிடாய்ப் போக்கைக் கீழ்நோக்குங்கால் எனப்படும் அபானன் நடத்துகிறது. அது தடைப்பட்டால் வலி உண்டாகும் என்பர். எனவே வாயுவை அகற்றும் பொருள்களே இவ்வலிக்கு முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டன.

மூலிகைகளின் செய்கையைக் கூறும் குணபாட நூல்கள் இங்கே ஒரு முக்கியமான வேறுபாட்டைக் காட்டுகின்றன. ஓமமும் சோம்பும் அகட்டுவாய்வகற்றிகள். அதாவது வயிற்று வாயுவைப் போக்குபவை. இசிவகற்றி என்பது தசைப்பிடிப்பைத் தணிப்பது. எள்ளும் கருஞ்சீரகமும் ருதுவுண்டாக்கிகள். அதாவது மாதவிடாயைத் தூண்டுபவை. வலியைத் தணிப்பது வேறு, போக்கைத் தூண்டுவது வேறு. இவ்வேறுபாடு மறந்து, எல்லாமே 'மாதவிடாய்க்கு நல்லது' என்று ஒன்றாகப் பேசப்படுவது ஆபத்தானது. இரத்தப்போக்கு மிகுந்தவர்களுக்கும் கருவுற்றிருக்கக்கூடியவர்களுக்கும் ருதுவுண்டாக்கிகளை மருந்தளவில் கொடுப்பது தவிர்க்கப்பட வேண்டும்.

மேலை மருத்துவம்

பிரெஞ்சுக்காரர்கள் 1823இல் புதுச்சேரியில் மருத்துவப் பள்ளி ஒன்றைத் தொடங்கினர். 1964 முதல் ஜிப்மர் எனப்படும் நிறுவனத்தின் வரலாறு அப்பள்ளியிலிருந்தே தொடங்குகிறது. சித்த மருத்துவத்துக்கான தேசிய நிறுவனம் தாம்பரத்தில் 2005இல் திறக்கப்பட்டது.

சூதகவலியின் காரணம் மேலை மருத்துவத்துக்கும் நெடுநாள் தெளிவாக இருக்கவில்லை. மாதவிடாய்க் கழிவில் தசையைச் சுருக்கும் பொருள் இருப்பதை 1957இல் பிக்கிள்ஸ் என்ற ஆய்வாளர் அறிவித்தார். புரோஸ்டாகிளாண்டின் எனப்படும் வேதிப்பொருள்கள் மிகுவதால் கருப்பை இறுகச் சுருங்குகிறது; அதனால் வலி உண்டாகிறது. ஆஸ்பிரின் போன்ற மருந்துகள் இப்பொருளின் உற்பத்தியைத் தடுக்கின்றன என்பதை ஜான் வேன் 1971இல் காட்டினார். அவர் 1982இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

கைவைத்தியம் குறித்த ஆய்வுகள்

ஈரானில் 150 மாணவியரிடம் நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஆய்வில், இஞ்சித்தூள் மாத்திரை மெஃபனமிக் அமிலம், ஐபுபுரோஃபன் ஆகியவற்றுக்கு ஒப்பாக வலியைக் குறைத்தது. எனினும் இஞ்சி, வெந்தயம் உள்ளிட்டவை குறித்த சோதனைகளைத் தொகுத்து 2016இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, கிடைத்துள்ள சான்றுகள் தரத்தில் குறைந்தவை என்றே கூறியது. ஒத்தடத்துக்கு வலுவான ஆதரவு உண்டு. அடிவயிற்றில் தொடர்ந்து இதமான வெப்பம் தருவது ஐபுபுரோஃபனுக்கு இணையாகப் பயன் தந்ததாக 2001இல் ஓர் ஆய்வு வெளியானது.

கைவைத்தியத்தின் எல்லை

'பெண் என்றால் வலி இருக்கத்தான் செய்யும்' என்ற எண்ணம் கைவைத்தியத்தோடு சேர்ந்தே வந்தது. கருப்பையின் உட்படலத்தை ஒத்த திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் என்னும் நோய், இவ்வெண்ணத்தால் பல ஆண்டுகள் கழித்தே கண்டறியப்படுகிறது. மாதந்தோறும் பள்ளிக்கு வர இயலாத அளவு வலி, மாதத்துக்கு மாதம் கூடும் வலி, மிகுந்த இரத்தப்போக்கு, மாதவிடாய் இல்லாத நாட்களிலும் தொடரும் வலி ஆகியவை இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். சுக்குக் கசாயமும் ஒத்தடமும் அன்றைய வலிக்கு உதவலாம். மேற்கூறிய அறிகுறிகள் உள்ள பெண்ணுக்கு அவை பரிசோதனைக்கு ஈடாகா.