ஹக்கா என்பது ஒரு மக்களின் பெயர்

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை, ஜவளகிரி. இந்த எல்லைப் பக்கம் பஸ் நிற்கிற இடத்தில் எல்லாம் சாயங்காலம் ஒரு தள்ளுவண்டி வந்துவிடும். ஃபாஸ்ட் ஃபுட் என்று தமிழிலோ கன்னடத்திலோ எழுதியிருக்கும். கோபி மஞ்சூரி, எக் நூடுல்ஸ், ஹக்கா நூடுல்ஸ். பெங்களூரு மால்களின் ஃபுட் கோர்ட்டில் சீனக் கடை என்று போனால் வேறு மாதிரி. அங்கே ஒரு கிண்ணம் நிறையச் சாறு, அதில் மூழ்கிய நூடுல்ஸ். இல்லாவிட்டால் மேசை நடுவில் சட்டி கொதிக்க, நாமே இறைச்சியும் கீரையும் போட்டு எடுத்துச் சாப்பிடுகிற ஹாட் பாட். சீனாவில் சாறோடு சாப்பிடுவது அன்றாட வழக்கம். அப்படியிருக்க, வறுத்த நூடுல்ஸ் மட்டும் யானைக் காட்டோரம் வரைக்கும் வந்துவிட்டது, சூப் மட்டும் ஏன் வரவில்லை? கொஞ்ச நாளாக இதைப் பற்றிச் சேர்த்து வைத்த குறிப்புகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன்.

முதலில் ரொம்பப் பின்னால் போகலாம். சீனாவின் சிங்காய் மாகாணத்தில், மஞ்சள் ஆற்றின் மேல்பகுதியில், லாஜியா என்று ஓர் அகழாய்வு இடம். அங்கே கவிழ்ந்து கிடந்த ஒரு மண் கிண்ணத்துக்கு அடியில் சுமார் 4,000 வருஷத்துக்கு முந்தின நூடுல்ஸ் கிடைத்தது. 2005-இல் 'நேச்சர்' இதழில் அந்த ஆய்வு வந்தது. கோதுமை இல்லை, அரிசியும் இல்லை. தினையும் பனிவரகும்! நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்து மானாவாரிக் காட்டில் விளையும் தானிய வகைதான். தினை மாவில் கோதுமை மாதிரி இழுவை கிடையாதே, எப்படி நீளமான இழை வரும் என்று சந்தேகம் எழுந்தது. மாவைத் துளை வழியாகப் பிழிந்தால் வரும் என்று பிறகு ஆய்வாளர்கள் செய்தே காட்டினார்கள்.

துளை வழியாகப் பிழிவது என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? இடியாப்ப உரல், கொங்குநாட்டுச் சந்தகை, கன்னடக்காரர்களின் ஒத்து சாவிகே. ராகி மாவிலும் அரிசி மாவிலும் வேகவைத்துப் பிழிந்து, வெல்லம் கரைத்த தேங்காய்ப்பாலோடு சாப்பிடுவார்கள். ஆகவே இழை இந்தப் பக்கத்துக்குப் புதுசு கிடையாது. சீனாவிலிருந்துதான் வந்தது என்று நான் சொல்லவும் மாட்டேன். மாவும் துளையும் இருக்கிற இடத்தில் மனுஷனுக்கு இது தோன்றத்தானே செய்யும்.

சரி, சீனர்களே நேராகத் தமிழ்நாட்டுக்கு வந்ததுண்டா? உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் மலாயா, சிங்கப்பூர்ப் பக்கத்துச் சிறைகளில் இடம் போதவில்லை என்று சீனக் கைதிகளைச் சென்னை மாகாணத்துக்கு அனுப்பினார்கள். நீலகிரியில் நடுவட்டத்துச் சிங்கோனாத் தோட்டங்களில் அவர்கள் வேலை செய்தார்கள். மலேரியாவுக்கு மருந்தான குயினைன் எடுப்பது அந்த மரப்பட்டையிலிருந்துதான். விடுதலையான பிறகு சிலர் கூடலூருக்கும் நடுவட்டத்துக்கும் இடையே தங்கி, தமிழ்ப் பெண்களை மணந்து, காய்கறி போட்டு, மாடு வளர்த்துப் பிழைத்தார்கள். எட்கர் தர்ஸ்டன் அந்தக் குடும்பங்களைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். மூக்கு எப்படி, கண் எப்படி என்று அளந்தவர், அந்த வீட்டு அடுப்பில் என்ன கொதித்தது என்பதையும் கொஞ்சம் எழுதியிருக்கலாம்.

நம் தள்ளுவண்டிக்கு வந்த வழி வேறு, அது கல்கத்தாவிலிருந்து வந்தது. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சீன வணிகர் ஒருவர் வாரன் ஹேஸ்டிங்ஸிடம் நிலம் பெற்று ஹூக்ளிக் கரையில் சர்க்கரை ஆலை வைத்தார். அவர் பெயரால்தான் அந்த இடத்துக்கு இன்றைக்கும் அச்சிப்பூர் என்று பெயர். பின்னால் வந்தவர்களில் ஹக்கா மக்கள் டாங்ராவில் தோல் பதனிடும் தொழிலைப் பிடித்துக்கொண்டார்கள். ஹக்கா என்றால் ஒரு மசாலாவோ சமையல் முறையோ கிடையாது. அது ஓர் இனத்தின் பெயர். அந்தச் சொல்லுக்கு 'விருந்தாளிக் குடும்பம்' என்று பொருள். சீனாவுக்குள்ளேயே வடக்கிலிருந்து தெற்கே போய்க் குடியேறியவர்களை உள்ளூர்க்காரர்கள் அப்படிக் கூப்பிட்டார்கள்.

1962-இல் எல்லைப் போர் வந்ததும், கிட்டத்தட்ட 3,000 இந்தியச் சீனர்களை வழக்கு, விசாரணை எதுவும் இல்லாமல் பிடித்து ராஜஸ்தானின் தேவ்லி முகாமுக்கு ரயிலில் அனுப்பினார்கள். பலர் இங்கேயே பிறந்தவர்கள். சிலர் வருஷக்கணக்கில் அங்கே கிடந்தார்கள். வெளியே வந்தவர்களில் நிறையப் பேர் கனடா, ஆஸ்திரேலியா என்று போய்விட்டார்கள். மிச்சமிருந்தவர்களுக்கு உணவகம் ஒரு பிழைப்பு வழியாக நின்றது. கல்கத்தாவில் பிறந்த நெல்சன் வாங், 1975-இல் பம்பாய் கிரிக்கெட் கிளப்பில் இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாயோடு சோயா சாஸ் சேர்த்துச் சிக்கன் மஞ்சூரியன் செய்தார். மஞ்சூரியாவில் அப்படி ஒரு பதார்த்தமே கிடையாது. சிக்கன் இருந்த இடத்தில் காலிஃபிளவர் வந்தது, பெங்களூரு பிடித்துக்கொண்டது, அங்கிருந்து ஓசூர் எவ்வளவு தூரம்!

சூப்பும் தெற்கே வராமல் இல்லை. 1959-இல் திபெத்தை விட்டு ஓடி வந்தவர்களுக்கு 1960-61 வாக்கில் மைசூர்ப் பக்கம் பைலகுப்பேயில் நிலம் கொடுத்தார்கள். அங்கே துக்பா என்ற நூடுல்ஸ் சூப் இன்றைக்கும் வீட்டுச் சாப்பாடு. பர்மாவில் 1962-இல் நே வின் ஆட்சியைப் பிடித்தார், கடைகளை நாட்டுடைமை ஆக்கினார், 1964-இல் பெரிய நோட்டுகளைச் செல்லாது என்றார். லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழர்கள் கையில் ஒன்றுமில்லாமல் கப்பலேறினார்கள். சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே 1969-இல் பர்மா பஜார் வந்தது. அந்த வட்டாரத்து வண்டிகளில் அத்தோவும் மொய்ங்காவும் வந்தன. பர்மாவில் மொய்ங்கா மீன் சாற்றில் செய்வது. சென்னை வண்டியில் பெரும்பாலும் மீன் போய்விட்டது, வாழைத்தண்டு மட்டும் தங்கிவிட்டது.

தேதிகளைக் கவனித்துப் பாருங்கள். 1959, 1962, 1964. ஐந்தே வருஷத்துக்குள் மூன்று கூட்டம், மூன்றும் அரசாங்கங்கள் துரத்தியவை. தென்னிந்தியாவில் நாம் சாப்பிடும் நூடுல்ஸில் பெரும்பங்குக்குப் பின்னால் யாரோ வீடிழந்த கதை இருக்கிறது.

இருந்தாலும் துக்பா பைலகுப்பேயிலும் மொய்ங்கா சென்னையிலும் பெரும்பாலும் நின்றுவிட்டன. ஜவளகிரி வரை வந்தது வறுத்ததுதான். வண்டிக்காரருக்கு மணிக்கணக்கில் எலும்புச் சாறு காய்ச்ச முடியாது, பெரிய தீயில் இரண்டு நிமிஷத்தில் பிரட்டிக் கொடுப்பது சுலபம் என்பது ஒரு காரணம். பொட்டலமும் கட்டலாம்.

ஹாட் பாட்டுக்கு எச்சில்தான் தடை என்று முதலில் தோன்றும். ஒரே சட்டியில் பத்துக் குச்சி நுழைவதை நம்ம வீட்டு ஆயா ஒத்துக்கொள்வாரா? ஆனால் அதைத் தமிழர் எல்லாருக்கும் பொதுவாகச் சொல்ல முடியாது. கீழக்கரை, காயல்பட்டினம் விருந்துகளில் சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் கைவைத்துச் சாப்பிடுகிறார்கள். சிங்கப்பூர், மலேசியத் தமிழர் வீடுகளிலும் ஸ்டீம்போட் வைக்கிறார்கள். பழகினால் எதுவும் வழக்கமாகும்.

எனக்குப் படுகிற முக்கியக் காரணம் வேறு. இந்தப் பக்கம் ராகிக்களி உருண்டையைக் கொள்ளுச் சாறிலோ கீரை, பயறு வேகவைத்து வடித்த சாறிலோ தோய்த்து முழுங்குவார்கள். சூடான சாறு, அதில் மாவு, ஒரே கிண்ணம். சூப் வந்து உட்கார வேண்டிய நாற்காலியில் சாறு எப்போதோ உட்கார்ந்துவிட்டது. காலியாக இருந்தது சாயங்கால நொறுக்குத் தீனியின் இடம். ஷிப்ட் முடிந்து வருபவருக்குக் காரமாக, சீக்கிரமாக ஏதாவது வேண்டும். அந்த இடத்தை மஞ்சூரி பிடித்தது.

இப்போது ஓசூர்த் தொழிற்சாலைகளுக்கு ஒடிசா, ஜார்கண்ட், அசாம், நேபாளம் என்று ஆட்கள் வருகிறார்கள். அவர்களோடு மோமோ வந்துவிட்டது, சில இடங்களில் துக்பாவும் கேட்டால் கிடைக்கிறது. வந்தவர்களை 'வடக்கன்' என்று ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறோம். அதே தெருவில், 'விருந்தாளி' என்று பொருள்படும் சொல்லைச் சிவப்புப் பெயிண்டில் எழுதி வைத்து, அது ஏதோ சாஸ் பெயர் என்று நினைத்துக்கொண்டு சாப்பிடுகிறோம்.