கவசம் யாருக்கு?

2020ஆம் ஆண்டுக்கு முன்னர் நம் மொழியில் 'முகமூடி' என்னும் சொல்லுக்கு நல்ல பெயர் இருந்ததில்லை. முகமூடிக் கொள்ளையர் என்று நாளிதழ்களில் படித்திருக்கிறோம். ஒருவரது பொய்ம்மை வெளிப்பட்டால் முகமூடி கிழிந்தது என்போம். கொரோனா பரவிய அந்த ஆண்டில் நாளிதழ்களும் அரசு அறிவிப்புகளும் 'முகக்கவசம்' என்ற சொல்லை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தன. ஓசையிலும் தோற்றத்திலும் குறை சொல்ல முடியாத சொல்தான். ஆனால் கவசம் என்று சொன்னவுடனேயே அதனுள் ஒரு கருத்து வந்து அமர்ந்துகொள்கிறது. கவசம் என்பது அணிந்தவனைக் காப்பது. கர்ணனின் கவசம் கர்ணனைத்தான் காத்தது. கவச நூல்களைப் பாராயணம் செய்வோர் தம் உறுப்புகளையே ஒவ்வொன்றாகச் சொல்லிக் காக்க வேண்டுகின்றனர்.

மருத்துவ வரலாறு காட்டும் செய்தி வேறு. கிருமி பற்றிய அறிவோடு பிறந்த முதல் முகத்துணி, அணிந்தவரைக் காக்கப் பிறந்ததன்று. எதிரே படுத்திருப்பவரைக் காக்கப் பிறந்தது. பின்னர் அதன் திசை மாறியது, மீண்டும் மாறியது. இதனை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், இத்துணியைச் சுற்றி எழுந்த பூசல்கள் பலவற்றின் வேர் விளங்கும்.

17ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பறவை அலகு போன்ற மூக்குறையில் மணமூலிகைகளை அடைத்துக்கொண்டு பிளேக் நோயாளிகளைப் பார்த்த மருத்துவர்களை ஓவியங்களில் காண்கிறோம். கெட்ட காற்றே நோய் என்று நம்பிய காலத்தின் கருவி அது. அறுவை மருத்துவத்தின் முகத்துணி 1897இல், அப்போது ஜெர்மனியைச் சேர்ந்திருந்த பிரெஸ்லாவ் நகரில் தோன்றியது. பேசும்போது தெறிக்கும் எச்சில் துளிகளில் நுண்ணுயிர்கள் இருப்பதைக் கார்ல் ஃப்ளூகே காட்டினார். அதே நகரின் அறுவை மருத்துவர் யோஹான் மிக்குலிச், வாயில் சல்லாத்துணி கட்டிக்கொண்டு அறுவை செய்யத் தொடங்கினார். பாரிஸில் பால் பெர்ஷேயும் அவ்வாண்டிலேயே அப்பழக்கத்தை மேற்கொண்டார். இவர்கள் தம் உயிருக்கு அஞ்சி வாயைக் கட்டியவர்கள் அல்லர். 'என் வாயிலிருந்து நோயாளியின் புண்ணுக்கு எதுவும் சென்றுவிடக் கூடாது' என்ற தன்னையே ஐயுறும் அடக்கம் அது. மருத்துவரே நோயைக் கொடுப்பவராக இருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்ள அத்தொழிலுக்குப் பல பத்தாண்டுகள் ஆயின.

திசையை மாற்றியவர் பினாங்கில் பிறந்த சீனர் ஒருவர். வணிகத்துக்கும் தோட்ட வேலைக்கும் சென்ற தமிழர் பலர் கரையிறங்கிய அதே பினாங்கில், 1879இல் பிறந்தவர் வூ லியென்-தே. கேம்பிரிட்ஜில் மருத்துவம் பயின்று, தியென்ஜின் நகரில் சீனப் பேரரசின் படை மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிவந்தார். 1910 டிசம்பரில், மஞ்சூரியாவில் மர்மமாகப் பரவிய கொள்ளைநோயை ஆராய ஹார்பின் நகருக்கு அவரை அரசு அனுப்பியது. தோலுக்காக மர்மோட் என்னும் வளைவாழ் விலங்கை வேட்டையாடியவர்களிடம் தொடங்கிய நோய், தொடர்வண்டிப் பாதை வழியே நகரங்களுக்குள் நுழைந்திருந்தது. நோய் கண்டவர் ஒருவர்கூடப் பிழைப்பதில்லை என்னும் நிலை. வூ பிணப் பரிசோதனை செய்து, இது எலியும் தெள்ளுப்பூச்சியும் பரப்பும் நெறிகட்டும் பிளேக் அன்று, இருமலின் வழி மனிதரிடமிருந்து மனிதருக்கே தொற்றும் நுரையீரல் பிளேக் என்று முடிவுகட்டினார்.

அவர் பரிந்துரைத்த முகத்துணி மிக எளியது. ஏறத்தாழ மூன்றடி நீளச் சல்லாத்துணியை இரண்டாக மடித்து, நடுவில் பஞ்சுப் பட்டை வைத்து, இரு முனைகளையும் கிழித்துத் தலைக்குப் பின்னால் முடிச்சிட வேண்டும். எவரும் செய்துகொள்ளலாம், சில காசுகளே செலவு. அங்கு வந்திருந்த பிரெஞ்சு மருத்துவர் மெஸ்னி இதை ஏற்கவில்லை. சீன இளைஞன் ஒருவன் தமக்குப் பாடம் சொல்வதா என்று அவர் சினந்ததை வூ தம் தன்வரலாற்றில் பதிவுசெய்திருக்கிறார். மெஸ்னி முகத்துணியின்றி நோயாளிகளைப் பரிசோதித்தார். சில நாட்களில், 1911 ஜனவரியில், அதே நோயால் மாண்டார். அதன்பின் வூவின் சொல்லுக்கு மறுப்பில்லை.

ஆயினும் வெற்றியைத் துணி ஒன்றின் கணக்கிலேயே எழுதிவிடுவது வரலாற்றுக்கு நியாயம் ஆகாது. ஃபூஜியாடியன் பகுதி நான்கு வட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. வட்டம் விட்டு வட்டம் செல்ல அனுமதி வேண்டியிருந்தது. தொடர்வண்டிப் பெட்டிகள் தனிமைக் கூடங்களாயின. உறைபனியில் குழி தோண்ட இயலாமல் கிடந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சடலங்கள், முன்னோர் வழிபாட்டை உயிராகப் போற்றும் மண்ணில், பேரரசின் இசைவோடு எரிக்கப்பட்டன. மஞ்சூரியா முழுவதும் ஏறக்குறைய 60,000 பேரைக் கொன்ற அந்நோய், ஹார்பினில் மார்ச் தொடக்கத்தில் அடங்கியது. இவற்றுள் துணியின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது அரிது. ஆனால் அறுவைக் கூடத்தின் துணி தெருவுக்கு வந்ததும், பிறரைக் காத்த துணி 'என்னைக் காக்கும்' கவசமானதும் அங்கேதான் பெரிய அளவில் நிகழ்ந்தன.

அடுத்த காட்சி 1918இன் இன்ஃப்ளூயன்ஸா. சான் பிரான்சிஸ்கோ நகரம் நவம்பர் 1 முதல் பொது இடங்களில் முகத்துணியைக் கட்டாயமாக்கியது. மீறியோருக்கு 5 முதல் 100 டாலர் வரை அபராதம், அல்லது சிறை. போர்க்காலமாகையால் கட்டாதவரைத் தேசக் கடமை தவறியவராகவே பேசினர். நகர மேயர் ஜேம்ஸ் ரால்ஃபும், சட்டத்துக்குக் காரணமான சுகாதார அதிகாரி வில்லியம் ஹாஸ்லருமே குத்துச்சண்டைப் பந்தயமொன்றில் முகத்துணியின்றி அகப்பட்டு அபராதம் கட்டினர். நவம்பர் 21 நண்பகலில் சங்கொலி எழுப்பிக் கட்டுப்பாட்டை நீக்கியபோது மக்கள் துணிகளைக் கழற்றித் தெருவில் வீசினர். நோய் திரும்பியது, ஜனவரியில் சட்டமும் திரும்பியது. இம்முறை முகத்துணி எதிர்ப்புக் கழகம் ஒன்று உருவாகி, கூட்டம் கூட்டியது. தனிமனித உரிமை, அறிவியல் ஆதாரமின்மை என்று அவர்கள் எழுப்பிய வாதங்களை நூறாண்டு கழித்து நாமும் கேட்டோம். பிப்ரவரி 1இல் சட்டம் நீங்கியது.

1920இல் கலிபோர்னியச் சுகாதாரத் துறையின் வில்ஃபிரட் கெல்லாக், சக ஆய்வாளர் ஒருவருடன் சல்லாத்துணியைச் சோதித்து ஓர் உண்மையை எழுதினார். துணி மெல்லியதாயின் துளிகள் ஊடுருவுகின்றன. அடுக்குகளைக் கூட்டினால் மூச்சு விடுவது கடினமாகி, காற்று ஓரங்களின் வழியே கசிகிறது. முகத்துணியின் அடிப்படைச் சிக்கல் இன்றளவும் இதுவே. பிற்காலத்தில் மின்னேற்றம் பெற்ற செயற்கை இழைகள் வந்து, நெசவில்லாத் துணியாலான என்95 போன்றவை அச்சிக்கலைப் பெருமளவு தீர்த்தன. ஆனால் அவை முகத்தோடு இறுக்கமாகப் பொருந்தினால்தான் பயன். இறுக்கம் கூடக்கூட அணிபவருக்கு வேதனையும் கூடும்.

உடலுக்குத் தீங்கு உண்டா என்ற கேள்விக்கு வருவோம். தான் விட்ட மூச்சையே தான் இழுத்து நஞ்சாகும் என்ற அச்சம் பழையது. கரியமில வாயுவின் மூலக்கூறு இழைகளின் இடைவெளியைவிடப் பன்மடங்கு சிறியது, தடையின்றி வெளியேறும். அறுவை மருத்துவர்கள் மணிக்கணக்காக அணிந்து பணியாற்றுகின்றனர். உண்மையான தொல்லைகள் வேறு: வியர்வையால் முகத்தில் பருக்கள், காதோரப் புண், கண்ணாடியில் படியும் ஆவி, நுரையீரல் நோயுள்ளோருக்கு மூச்சுத் திணறும் உணர்வு. இவற்றைவிடப் பெரிய இழப்பைப் பலர் பேசவில்லை. செவித்திறன் குறைந்தோர் எதிரே இருப்பவரின் உதடுகளைப் படிப்பவர்கள். பகரமும் மகரமும் இதழ் இயைந்து பிறப்பவை என்று நம் இலக்கணம் சொல்கிறது. அந்த இதழை மூடிவிட்டால் அவர்களுக்கு மொழியின் பாதி போய்விடுகிறது. மாணவர் முகம் பார்த்துப் பாடத்தின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் நடத்தும் ஆசிரியருக்கும் இழப்பு உண்டு. எனினும் அவ்விழப்பு செவித்திறன் குறைந்தோரின் இழப்புக்கு ஈடாகாது.

பயன் எவ்வளவு? கொரோனாக் காலத்தில் வங்கதேசத்தின் 600 கிராமங்களில், மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோரிடையே ஓர் ஆய்வு நடந்தது. இலவசமாக வழங்கி, நினைவூட்டி, முன்மாதிரி காட்டியதில், முறையாக அணிவோர் நூற்றுக்கு 13இலிருந்து 42 ஆயினர். அறிகுறியோடு கூடிய தொற்று ஏறத்தாழ நூற்றுக்கு 9 என்ற அளவில் குறைந்தது. அறுவை முகத்துணி வழங்கிய கிராமங்களின் 60 வயதைக் கடந்தோரிடம் 35 அளவு குறைந்தது. 2023இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வோ, அணியச் சொல்லி வலியுறுத்துவதால் சமூக அளவில் தெளிவான பயன் நிறுவப்படவில்லை என்றது. முகத்துணி பயனற்றது என்று இதற்குப் பொருளில்லை என அதன் தலைமைப் பதிப்பாசிரியர் விளக்கம் தர நேர்ந்தது.

இங்கேதான் சொல் நம்மைத் தடுமாற வைக்கிறது. கவசம் என்று கருதியவர், 'எனக்கு இது உதவுகிறதா?' என்று மட்டுமே கேட்டார். முழுப் பாதுகாப்பு இல்லை என்று அறிந்ததும் கழற்றினார். வங்கதேச எண்கள் ஒருவரது தனிக் கணக்கைக் காட்டவில்லை. ஓர் ஊரின் கணக்கைக் காட்டுகின்றன. ஊரில் பாதிப் பேர்கூட அணியாதபோதும் முதியோர் ஓரளவு காக்கப்பட்டனர் என்றால், அணிந்த இளையோரின் அசௌகரியம் எங்கோ ஒரு வீட்டுத் திண்ணையில் பயனாக விளைந்தது என்றுதானே பொருள்? அந்தப் பயனை அணிந்தவர் ஒருபோதும் கண்ணால் காணப் போவதில்லை. காணாத பயனுக்காகக் காணும் துன்பத்தை ஏற்கச் சொல்வது எளிதன்று. அபராதத்தால் அதனைச் சாதிக்க முயன்ற சான் பிரான்சிஸ்கோ தோற்றது. இலவசமாகக் கொடுத்து, அருகில் நின்று நினைவூட்டிய கிராமங்கள் ஓரளவு வென்றன.

அடுத்த கொள்ளைநோய் வரும் நாளில் இச்சொல்லையே பயன்படுத்துவோம். வேறு சொல் புழக்கத்தில் இல்லை. கர்ணன் தன் கவசத்தை அறுத்துப் பிறருக்குக் கொடுத்ததால்தான் கதையில் நின்றான் என்பதையும் அப்போது நினைவில் கொள்ளலாம்.