கலப்புக் காடுகளில் மரக்கவிகைக் கணிப்பு

மரக்கவிகைக் கணிப்பு என்பது, அடிமரத்தின் விட்டம் போன்ற எளிய அளவுகளைக் கொண்டு, அம்மரத்தின் கிளைகளும் இலைகளும் பரந்திருக்கும் அகலத்தையும் ஆழத்தையும் புள்ளியியல் சமன்பாடுகளால் மதிப்பிடும் முறை. மரம் பெறும் வெளிச்சமும், வளரும் வேகமும், சேர்த்துவைக்கும் கரிமமும் பெரிதும் கவிகையைப் பொறுத்தவை. அடிமரத்தை நாடா சுற்றி நொடியில் அளந்துவிடலாம். கவிகைக்கோ மரத்தடியிலிருந்து பல திசைகளில் நடந்து, கிளைநுனி முடியும் இடத்தை அண்ணாந்து பார்த்துத் தரையில் குறிக்க வேண்டும். அடர்காட்டில் இது எந்த மரத்துக் கிளை என்று பிரித்தறிவதே பெரும்பாடு. அதனால்தான் சமன்பாட்டின் துணை தேவைப்பட்டது.

இந்தியக் காட்டளவையின் தொடக்கத்தில் கவிகைக்கு இடமில்லை. 1856இல் பர்மாவின் பெகு காடுகளுக்குப் பொறுப்பேற்ற டீட்ரிக் பிராண்டிஸ், காட்டை ஊடறுத்துச் சென்று வழியிலுள்ள தேக்குகளைச் சுற்றளவு வகுப்புவாரியாக எண்ணினார். வெட்டத்தக்க மரம் எத்தனை என்பதே அன்றைய கேள்வி. தேக்கோடு சேர்ந்து வளர்ந்த பிற மரங்கள் கணக்கில் பின்தங்கின.

1961இல் அமெரிக்காவில் ஆய்வாளர் கிராஜிசெக்கும் அவருடைய கூட்டாளிகளும், நெருக்கமில்லாத வெளியில் தனித்து வளர்ந்த மரங்களின் கவிகை அகலத்தை விட்டத்தோடு இணைத்து, அதைக் கொண்டு தோப்பின் நெருக்கத்தை அளக்கும் வழியைக் காட்டினர். ஓரின மரக்காட்டில் இவ்வகைத் தொடர்புப்போக்குக் கோடு நன்றாகவே பொருந்தும். கலப்புக் காட்டில் அது தடுமாறுகிறது. ஒரே விட்டமுள்ள இரு மரங்களில் ஒன்று குடையாக விரியும். மற்றொன்று அண்டை மரங்களுக்கிடையில் ஒடுங்கி நிமிரும். இனமும் அண்டையும் இடமும் சேர்ந்தே கவிகையை உருவாக்குகின்றன. 1982இல் புள்ளியியலாளர்கள் லேர்டும் வேரும் விரித்துரைத்த கலப்பு விளைவு மாதிரிகள் இங்கே கைகொடுத்தன: எல்லா இனங்களுக்கும் பொதுவான போக்கு ஒன்றும், இனத்துக்கும் இடத்துக்கும் உரிய விலகல்கள் தனியாகவும் மதிப்பிடப்படுகின்றன. சில மரங்களே கிடைக்கும் அரிய இனமும் பொதுப்போக்கின் துணையால் கணிப்புக்குள் வருகிறது. நூற்றுக்கணக்கான இனங்கள் வளரும் வெப்பமண்டலக் காட்டுக்கு இதைவிட அவசியமான கருவி இல்லை.

இத்துறையில் தமிழ் நிலத்துக்கு நெருக்கமான பணி புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் முயற்சியால் வளர்ந்தது. மேற்குத்தொடர்ச்சி மலையில், குடகின் உப்பங்களா பசுமைமாறாக் காட்டில் அந்நிறுவனம் நிரந்தர ஆய்வுத்திடல் அமைத்து மரங்களைத் தொடர்ந்து அளந்துவருகிறது. அங்கே கிடைத்த அளவுகளைக் கொண்டு 2013இல் வெளியான ஆய்வு, மரம் பெருத்தாலும் நிலம் மாறினாலும் கவிகை விகிதங்கள், உயரத்துக்கும் விட்டத்துக்குமான உறவைவிடக் குறைவாகவே மாறுகின்றன என்று காட்டியது. வானிலிருந்து காட்டை அளப்போருக்கு இது நல்ல செய்தி. மேலிருந்து தெரிவது அடிமரமல்ல, கவிகைதான். 2012இல் இதே மேற்குத்தொடர்ச்சி மலையில், இணையத்தில் இலவசமாகக் கிடைத்த செயற்கைக்கோள் படங்களின் கவிகைக் கோலத்திலிருந்தே காட்டின் உயிர்ப்பொருள் எடை மதிப்பிடப்பட்டது. 2017இல் உலகெங்குமுள்ள 1,08,753 மரங்களின் அளவுகளைத் திரட்டிய ஆய்வாளர் ஜக்கரின் குழு, பழைய கேள்வியைத் திருப்பிப்போட்டு, உயரத்தையும் கவிகை அகலத்தையும் கொண்டு விட்டத்தையும் எடையையும் கணித்தது.

நாட்டளவில் காடுகளை அளக்கும் இந்திய வன அளவைத் துறை 1981இல் உருவானது. 1965இல் தொடங்கிய முதலீட்டுமுன் வனவள அளவைத் திட்டமே அதன் முன்னோடி. கவிகைகள் சேர்ந்து உருவாக்கும் விதானம் நிலத்தில் 70 விழுக்காடும் அதற்கு மேலும் மூடியிருந்தால் மிக அடர்காடு, 40 முதல் 70 வரை நடுத்தர அடர்காடு, 10 முதல் 40 வரை திறந்தவெளிக் காடு என்று இத்துறை வகுக்கிறது. இவ்வகுப்பு காட்டின் மொத்த மூட்டத்தைச் சொல்லும். ஒவ்வொரு மரத்தின் கவிகையைச் சொல்லாது.

ஒவ்வொரு மரத்தின் கவிகையையும் கணிக்க வேண்டிய இடங்களில் ஒன்று, ஆரணியைத் தொட்டு ஓடும் கமண்டல நாகநதி பிறக்கும் ஜவ்வாது மலை. அம்மலையின் இலையுதிர் கலப்புக் காடுகள் உப்பங்களாவைப் போன்றவை அல்ல. கோடையில் இலை உதிர்ந்துவிடுவதால், செயற்கைக்கோள் படம் எடுக்கப்பட்ட மாதத்தைப் பொறுத்துக் கவிகையே தெரியாமல் போகலாம். இங்கு வளரும் சந்தனம் அண்டை மரங்களின் வேரிலிருந்து சத்தை உறிஞ்சும் அரை ஒட்டுண்ணி. அதன் அண்டையைக் கணக்கில் எடுக்காத சமன்பாடு அதற்குப் பொருந்துமென நம்ப முடியாது. மழைக்காட்டில் பிறந்த சமன்பாட்டை அப்படியே இம்மலைக்குக் கொண்டுவருவது பிழை. ஜவ்வாது மலையின் காட்டை வானிலிருந்து அளக்க வேண்டுமானால், முதலில் அம்மலையின் மரங்களை அவற்றின் அடியில் நின்று, இனம் இனமாக, பருவம் பார்த்து அளக்க வேண்டும்.