மேற்பொருந்தும் எழுத்துகளை லேசர் வெட்டுக்கு ஆயத்தப்படுத்தல்

பெயர்ப்பலகை, கேக்கில் செருகும் பெயர் போன்றவற்றை ஒரே துண்டாக வெட்டியெடுக்க, ஒன்றன்மேல் ஒன்று ஏறிய எழுத்துகளின் புறக்கோடுகளை ஒன்றாக்கும் வரைகலைப் பணி இது. திரையில் ஒட்டித் தெரியும் எழுத்துகள் கோப்பில் தனித்தனி மூடிய கோடுகளாகவே இருக்கும். லேசர் அந்தக் கோடுகளின் வழியே செல்வதால், ஏறிய இடங்களையும் வெட்டிச் சொல்லைத் துண்டாக்கிவிடும்.

2003இல் தொடங்கிய இலவச மென்பொருளான இங்க்ஸ்கேப்பில் எழுத்துகளை முதலில் பாதைகளாக மாற்றி, அதனால் உருவாகும் குழுவைப் பிரித்து, 'யூனியன்' கட்டளையால் இணைக்க வேண்டும். 'கம்பைன்' கட்டளை ஏறிய இடங்களின் உட்கோடுகளை அப்படியே விட்டுவைக்கும்; பலர் தடுமாறும் இடம் இதுதான். பாதையாக மாற்றியபின் எழுத்துப்பிழையைத் தட்டச்சால் திருத்த இயலாது என்பதால் மூலப்படியைத் தனியே சேமிப்பது அவசியம். வண்ணம் நீக்கி, வெறும் கோடுகளாகக் காட்டும் 'அவுட்லைன்' காட்சியில் பார்த்தால் எஞ்சிய உட்கோடுகள் புலப்படும்.

தமிழுக்குக் கூடுதல் கவனம் தேவை. மெய்யெழுத்தின் புள்ளி எதையும் தொடாமல் நிற்பதால் வெட்டியதும் உதிர்ந்துவிடும். கொம்பும் காலும் பெரும்பாலும் தனித்தே நிற்கும். இவற்றை நெருக்கியோ சிறு பாலம் வரைந்தோ, இணைக்கும் முன்பே எழுத்தோடு தொடுத்துவிட வேண்டும். லேசர் கற்றை செல்லும் வழியிலுள்ள பொருளும் சிறிது எரிந்துபோவதால், மிக மெல்லிய பாலம் நிலைக்காது.