தண்டவாளம் புகட்டும் பாடம்

நெடும்பயண மோட்டார் சைக்கிளில் பெட்ரோலின் இடத்தை மின்னாற்றல் பெறுமா? கிள்ளான் பள்ளத்தாக்கின் இரயில் வரலாறே இதற்கு விடை பகர்கின்றது.

1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் அருகேயுள்ள புக்கிட் கூடா வரை நீராவி இரயில் ஓடியது. பிரிக்ஃபீல்ட்ஸ் குடியிருப்புகளில் வாழ்ந்த நம்மவர் பலர் இரயில்வேயில் உழைத்தனர். 1957இல் முதன்மைத் தடங்களுக்கு டீசல் எஞ்சின்கள் வந்தன. காலப்போக்கில் கரி அள்ளும் தொழில் மறைந்தது. 1995இல் மின்சாரக் கொமூட்டர் தொடங்கிற்று. 2010இல் ஈப்போவிற்கும் 2015இல் பாடாங் பெசாருக்கும் மின் இரயில் சென்றது.

இவ்வெற்றிக்குக் காரணம் யாது? மின்கம்பி வழிநெடுகத் தலைக்குமேல் உடன் வருகின்றது. மோட்டார் சைக்கிளோ தன் ஆற்றலை மின்கலத்தில் தானே சுமத்தல் வேண்டும். அதே எடையுள்ள பெட்ரோலில் பன்மடங்கு ஆற்றல் அடங்கியுள்ளது. ஆதலின் நகருக்குள் மின்வண்டி இன்றே போதும். நெடும்பயணத்திற்கோ, விரைந்து மின்னேற்றும் நிலையங்கள் வழிநெடுக அமைதல் வேண்டும். பாதை ஆயத்தமானால் வண்டி மாறும். வண்டி மாறினால் தொழிலும் மாறும். அத்தொழிலுக்கு நம் மாணவரை இன்றே ஆயத்தம் செய்வோமாக!