நடுநிலை என்னும் ஆட்சிக் கொள்கை: கோர்ட் வான் டெர் லிண்டனும் நெதர்லாந்தின் 1917 உடன்பாடும்

1918 ஜூலை 3 அன்று நெதர்லாந்தின் ஆண்கள், சொத்து, வரி, படிப்பு என்ற எந்தத் தகுதியும் கேட்கப்படாமல் முதன்முறையாக வாக்களித்தார்கள். விகிதாச்சாரப் பிரதிநிதித்துவ முறையில் நடந்த முதல் பொதுத்தேர்தலும் அதுவே. 100 இடங்கள் கொண்ட கீழவையில் அதுவரை நாற்பதுக்குச் சற்றுக் குறைவான இடங்களை வைத்திருந்த மூன்று தாராளவாதக் கட்சிகளும் சேர்ந்து 15 இடங்களே பெற்றன. அவற்றை வீழ்த்திய தேர்தல் முறையைக் கொண்டுவந்தவர் ஒரு தாராளவாதிதான். 1913 ஆகஸ்ட் முதல் 1918 செப்டம்பர் வரை அமைச்சரவைக்குத் தலைமை தாங்கிய பீட்டர் கோர்ட் வான் டெர் லிண்டன் (1846–1935) அவர். அவருக்குப் பின் இன்னொரு தாராளவாதி அந்தப் பொறுப்புக்கு வர 92 ஆண்டுகள் ஆயின. 2010இல்தான் மார்க் ருட்டே பதவியேற்றார்.

தன்னைப் போன்ற தாராளவாதிகளின் அடித்தளத்தையே கரைக்கும் சீர்திருத்தத்தை ஒருவர் ஏன் முன்னெடுத்தார்? இதற்கு இரண்டு விளக்கங்கள் வழக்கில் உள்ளன. உலகப் போரின் நெருக்கடி தேசிய ஒற்றுமையைக் கட்டாயமாக்கியது என்பது ஒன்று. இடதுசாரிகளுக்கு வாக்குரிமை, சமயக் கட்சிகளுக்குப் பள்ளி நிதி என்று நடந்த கொடுக்கல் வாங்கலே இது என்பது மற்றொன்று. ஆரெண்ட் லைப்ஹார்ட் 1968இல் வெளியிட்ட நூல் இரண்டாவது விளக்கத்துக்கு அரசியல் அறிவியலில் நிலையான இடம் தேடித் தந்தது. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டுமே அரசின் தலைவரை வெறும் தரகராகச் சுருக்கிவிடுகின்றன. அரசு என்பது எந்த வகுப்பின், எந்தச் சமயத்தின், எந்தக் கட்சியின் கருவியாகவும் இருக்கக் கூடாது என்ற எண்ணம் அவரிடம் முப்பது ஆண்டுகளாக வேரூன்றியிருந்தது என்பதும், வாக்குரிமையையும் சமயப் பள்ளிகளுக்கான அரசு நிதியையும் சேர்த்துத் தீர்த்த 1917 உடன்பாடு அந்த எண்ணத்தின் விளைச்சல் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

சமயப் பள்ளிகளுக்கு அரசு பணம் தரலாமா என்ற பள்ளிப் பூசலின் ஆழம் தெரியாமல் இதை மதிப்பிட முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தாராளவாதிகளுக்குப் பொதுப்பள்ளி ஒரு கொள்கைச் சின்னம். 1878இல் தாராளவாதி காப்பெய்னவின் அரசு பள்ளிகளின் தரத்துக்கான நிபந்தனைகளை உயர்த்தியது. சமயப் பள்ளிகளுக்கு மட்டும் அரசுப் பணம் இல்லை என்றது. ஏழைச் சமயப் பற்றாளர் தம் வரியால் பொதுப்பள்ளியையும், நன்கொடையால் தம் பள்ளியையும் தாங்க வேண்டியிருந்தது. சட்டத்தில் கையெழுத்திட வேண்டாம் என்று மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட புராட்டஸ்டன்டுகள் மன்னருக்கு மனு அளித்தார்கள். மன்னர் கையெழுத்திட்டுவிட்டார். மறு ஆண்டே ஆபிரகாம் கைப்பர் புரட்சி எதிர்ப்புக் கட்சியை நிறுவினார். தாராளவாதிகள் தம் எதிரிகளைத் தாமே திரட்டிக் கொடுத்தார்கள் என்றே சொல்ல வேண்டும்.

கோர்ட் வான் டெர் லிண்டன் இந்தப் பாடத்தைக் கற்றவர். க்ரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தபோது, 1886இல், தாராளவாதக் கட்சியின் திசையையும் கொள்கையையும் பற்றி ஒரு நூல் எழுதினார். விலகி நிற்பது மட்டுமே அரசின் கடமை என்ற பழைய நம்பிக்கையை அதில் அவர் கைவிட்டார். பியர்சன் அமைச்சரவையில் (1897–1901) நீதி அமைச்சராக அவர் நிறைவேற்றிய 1901ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டங்களைக் கூர்ந்து பார்க்க வேண்டும். பிள்ளையைக் கைவிடும், கொடுமைப்படுத்தும் பெற்றோரின் அதிகாரத்தை நீதிமன்றம் பறிக்கலாம் என்றது ஒரு சட்டம். தவறு செய்யும் சிறாரைத் தண்டிப்பதைவிட வளர்த்தெடுப்பதே நோக்கம் என்றது இன்னொன்று. குடும்பத்தின் வாசற்படிக்குள் அரசு நுழைந்த தருணம் அது. அதே மனிதர்தான் 1917இல், பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்க வேண்டும் என்பதைப் பெற்றோரின் மனச்சாட்சியிடமே விட்டு, அதற்கான செலவையும் அரசே ஏற்க வழி செய்தார். இவை முரண்பட்டவை அல்ல என்பது என் கருத்து. குழந்தை வளர்வதற்கான அடிப்படை நிலைமைகளுக்கு அரசு பொறுப்பு. எந்த நம்பிக்கையில் வளர வேண்டும் என்பதற்கு அரசு பொறுப்பல்ல. இரண்டு சட்டங்களிலும் ஓடுவது இந்த ஒரே கோடுதான்.

போர்தான் காரணம் என்ற விளக்கம் காலவரிசையிலேயே தடுமாறுகிறது. 1913 தேர்தலில் ஆண்ட சமயக் கூட்டணி 45 இடங்களோடு பெரும்பான்மையை இழந்தது. அரசு அமைக்க முயன்ற தாராளவாதத் தலைவர் டிர்க் போஸ் சமூக ஜனநாயகக் கட்சிக்கு மூன்று அமைச்சர் பதவிகள் தர முன்வந்தார். ஆகஸ்டில் ஸ்வோல்லேயில் கூடிய அக்கட்சி மாநாடு மறுத்துவிட்டது. அதன் பிறகே 67 வயது கோர்ட் வான் டெர் லிண்டன் அழைக்கப்பட்டார். அவர் அமைத்தது நாடாளுமன்றக் கட்சிகளோடு ஒப்பந்தம் இல்லாத தாராளவாத அமைச்சரவை. அந்தச் செப்டம்பரில் அரசி வில்ஹெல்மினா வாசித்த அரியணை உரையிலேயே ஆண்களின் பொது வாக்குரிமை, பெண்கள் வாக்குரிமைக்குரிய அரசியலமைப்புத் தடையை நீக்குதல், பள்ளிச் சிக்கலைத் தீர்க்க ஓர் ஆணையம் ஆகியவை அறிவிக்கப்பட்டன. முதல் குண்டு வெடிக்க இன்னும் பல மாதங்கள் இருந்தன.

பள்ளி ஆணையத்துக்கு டிர்க் போஸ் தலைவரானார். எல்லாக் கட்சிகளின் பிரதிநிதிகளும் அதில் அமர்ந்தார்கள். 1916இல் வந்த தீர்வு எளிமையானது: பொதுப்பள்ளிக்கும் சமயப் பள்ளிக்கும் ஒரே அளவுகோலில் பணம், ஒரே அளவுகோலில் தரம். அரசியலமைப்பைத் திருத்த இரண்டு வாசிப்புகளும், நடுவே ஒரு தேர்தலும், இரண்டாம் வாசிப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவும் தேவை. அப்படி நடுவே வந்த 1917 பொதுத்தேர்தலில் பெரிய கட்சிகள் ஒன்றின் உறுப்பினரை மற்றொன்று எதிர்க்காமல் விட்டுக்கொடுத்தன. தொகுதிவாரித் தேர்தலில் இரண்டாம் சுற்றுக் கூட்டுகளால் பிழைத்துவந்த தாராளவாதிகள், விகிதாச்சார முறையில் தம் உண்மையான எடைக்கு இறங்குவார்கள் என்பது கணக்குத் தெரிந்த எவருக்கும் புரிந்திருக்கும். கோர்ட் வான் டெர் லிண்டனுக்கும் அது புரியாமலிருந்திருக்காது. எடையைவிட அதிகமான அதிகாரத்தோடு ஓர் அரசு பொதுவானதாக இருக்க முடியாது என்று அவர் கருதினார் என்றே அவருடைய நடவடிக்கைகளை நான் வாசிக்கிறேன்.

வெளியுறவிலும் இதே மனப்பாங்கைக் காண்கிறேன். 1914 ஜூலை 31 அன்று படை திரட்ட ஆணையிட்டவர் அவர். அவரது நடுநிலை ஆயுதம் தாங்கியது. அக்டோபரில் ஆண்ட்வெர்ப் வீழ்ந்தபோது, ஏறத்தாழ 60 லட்சம் பேர் வாழ்ந்த நாட்டுக்குள் சுமார் 10 லட்சம் பெல்ஜியர்கள் தஞ்சம் புகுந்தார்கள். கடல் வணிகம் பற்றி அரசு நேரடியாகப் பேரம் பேசினால் நடுநிலை குலையும் என்பதால், வணிகர்கள் அமைத்த தனியார் நிறுவனம் பிரிட்டனோடு பேசியது. புத்திசாலித்தனமான ஏற்பாடுதான், ஆனால் நாட்டின் உணவு வழியைப் பொறுப்புக் கேட்க முடியாத கைகளில் அது வைத்தது. 1917 ஜூலையில் ஆம்ஸ்டர்டாமில் உருளைக்கிழங்குக்காகக் கலவரம் வெடித்தது. துப்பாக்கிச் சூட்டில் மக்கள் இறந்தார்கள். பசித்த வீட்டுக்குள் நடுநிலையின் விலை சமமாகப் பங்கிடப்படவில்லை. 1918இல் தலைமைத் தளபதி ஸ்னைடர்ஸ், ஜெர்மனிக்கு எதிரான எதிர்ப்பு பயனற்றது என்றபோது அவரை நீக்க அமைச்சரவை விரும்பியது; அரசி மறுத்தார். எவர் தாக்கினாலும் எதிர்ப்போம் என்ற உறுதி இல்லையேல் நடுநிலைக்குப் பொருளில்லை என்பது அமைச்சரவையின் நிலை. தேர்தல் நெருங்கியிருந்ததால் அது விலகாமல் பொறுத்துக்கொண்டது.

இந்தக் கொள்கையின் எல்லைகளை மறைத்தால் ஆய்வு நேர்மையாகாது. 1917 திருத்தம் பெண்களைத் தேர்தலில் நிற்க அனுமதித்தது. வாக்களிக்கும் உரிமையைத் தரவில்லை, பின்னர் தருவதற்கான தடையை மட்டும் அகற்றியது. 1918இல் சூசே க்ரூனவேக் முதல் பெண் உறுப்பினராக வென்றபோது, அவருக்கு வாக்களித்தவர்களில் ஒரு பெண்ணும் இல்லை. பல்லாண்டுகள் போராடிய அலெட்டா யாகோப்ஸ் அதே தேர்தலில் தோற்றார். வாக்குரிமை 1919இல் மார்ஷாந்த் என்ற உறுப்பினரின் தனி மசோதா வழியாக வந்தது. எல்லோருக்கும் பொதுவான அரசு என்ற எண்ணத்தை உடையவர், மக்களில் பாதிப் பேரை அடுத்த கட்டத்துக்கு ஒத்திவைத்தது அந்த எண்ணத்துக்கே ஏற்பட்ட குறை. சமயக் கட்சிகளின் எதிர்ப்பு அதை விளக்குகிறது, நியாயப்படுத்தவில்லை. நெதர்லாந்து ஆண்ட கிழக்கிந்தியத் தீவுகளில் குறை இன்னும் பெரிது. 1918 மே மாதம் பட்டாவியாவில் மக்கள் அவை என்று ஒன்று திறக்கப்பட்டது. அதன் பணி ஆலோசனை சொல்வதோடு நின்றது. ஹேக் நகரில் ஒவ்வொரு மனச்சாட்சிக்கும் சம எடை அளித்த அரசு, கோடிக்கணக்கான குடியேற்ற நாட்டு மக்களை அந்தத் தராசில் ஏற்றவே இல்லை.

1918 செப்டம்பர் 9 அன்று ரைஸ் த பீரன்ப்ரூக் நாட்டின் முதல் கத்தோலிக்கப் பிரதமரானார். பள்ளி நிதியை நடைமுறைக்குக் கொண்டுவந்த 1920ஆம் ஆண்டுச் சட்டத்தை அவரது அரசே இயற்றியது. இதன்பின் அரை நூற்றாண்டுக் காலம் பள்ளி, செய்தித்தாள், தொழிற்சங்கம், மருத்துவமனை என்று டச்சு வாழ்க்கை சமய, கொள்கைத் தூண்களாகப் பிரிந்து நின்றது. அந்தத் தூண்களின் தலைவர்கள் செய்த சமரசமே 1917 என்று லைப்ஹார்ட்டின் வழியில் வாசிப்பவர்கள், உடன்பாட்டுக்குத் தலைமை தாங்கியவர் எந்தத் தூணையும் சேராதவர் என்பதற்கும், அந்தத் திட்டத்தை 1913இல் எவருடைய நிர்ப்பந்தமும் இன்றி அறிவித்தார் என்பதற்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.